சிகரெட் குடித்த நிஜாமும் எண்பது வயதுக் கணக்கும்

(நமது மல்லாபூர் நிருபர்)

மல்லாபூரிலிருந்து நாச்சாரம் போகும் சாலையில் விடியும்போதே தேநீர்க் கடைகள் திறந்துவிடும். முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களும், இரவுப் பணி முடிந்து மௌலாலியிலிருந்து திரும்பும் இரயில்வே ஊழியர்களும் அங்கே கூடுவார்கள். ஒரு கையில் தேநீர், மறு கையில் சிகரெட். பக்கத்திலிருக்கும் பான் டப்பாவில் பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. ஒற்றைச் சிகரெட்டே கிடைக்கும். உடம்புக்குக் கெடுதல் ஆயிற்றே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உடனே ஒரு பதில் வரும். நிஜாம் நவாபே சார்மினார் சிகரெட்தான் குடித்தார், எண்பது வயது வரை வாழ்ந்தார், நமக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்பதே அந்தப் பதில்.

இந்தப் பதிலை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் அலுவலகத்தில்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த எழுத்தர் ஜோலார்பேட்டைக்காரர். வாகன் பதிவேட்டை எப்படி எழுதுவது, இரண்டு பதிவேடுகளின் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் தவற்றை எங்கே தேடுவது என்பதையெல்லாம் அவரிடம்தான் கற்றேன். ஒரு பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்காதே தம்பி என்று அடிக்கடி சொல்வார். நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் குடிப்பார். நிஜாம் கதையை அவர் சொல்லாத வாரமில்லை.

அந்த நிஜாமின் வாழ்க்கையையும், அவர் பெயரால் சொல்லப்படும் இந்தக் கணக்கு சரியா என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரானி ஹவேலியில் பிறந்தவர்

ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐதராபாத் புரானி ஹவேலி அரண்மனையில் பிறந்தார். தந்தை ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான். 1911 ஆகஸ்டு 29ஆம் நாள் தந்தை காலமானதும், 25 வயதில் உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார் நடந்தது. அதில் கலந்துகொண்டு மரியாதை செலுத்திய சமஸ்தான மன்னர்களில் முதலிடம் இந்த இளம் நிஜாமுக்கே தரப்பட்டது.

அவர் ஆண்ட சமஸ்தானத்தின் பரப்பு சுமார் 82 ஆயிரம் சதுர மைல். மக்கள் தொகை ஒன்றரைக் கோடிக்கு மேல். தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது என்று நான்கு மொழி பேசுவோர் அதில் வாழ்ந்தனர். தனி நாணயம், தனித் தபால் தலை, தனி இரயில்வே எல்லாம் இருந்தன. இன்று தென்மத்திய இரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் நடமாடுவது அந்த நிஜாம் இரயில்வே போட்ட தடத்தில்தான். ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்த அந்த இரயில்வேயை 1930இல் நிஜாம் அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. 1932இல் அதே இரயில்வே நிர்வாகமே பேருந்துகளையும் ஓட்டத் தொடங்கியது.

அவர் பட்டத்துக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1908 செப்டம்பரில், மூசி நதியில் பெருவெள்ளம் வந்து நகரின் பெரும்பகுதியை அழித்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். அந்த அழிவு மறுபடி வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டு, புகழ்பெற்ற பொறியாளர் விசுவேசுவரய்யாவை ஐதராபாத் அரசு வரவழைத்தது. மழையளவையும் நீர்வரத்தையும் கணக்கிட்டு, நகருக்கு மேலே அணை கட்டி நீரைத் தேக்க வேண்டும் என்று அவர் திட்டம் கொடுத்தார். உஸ்மான் அலி கான் காலத்தில் அத்திட்டம் நிறைவேறியது. 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பட்டன. பல தலைமுறைகளாக நகர மக்கள் குடித்தது இவ்வேரிகளின் தண்ணீரைத்தான்.

உயர்நீதிமன்றக் கட்டடம், மூசிக் கரையிலுள்ள உஸ்மானியா மருத்துவமனை, 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம், நிஜாம் சாகர் அணை ஆகியவையும் இவர் காலத்தவையே. ஓர் இந்திய மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டு உயர்கல்வி தந்த பல்கலைக்கழகம் என்ற பெருமை அன்றைய உஸ்மானியாவுக்கு உண்டு. அங்கே மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் கற்பிக்கப்பட்டன. மற்ற மதத்தாரின் நிறுவனங்களுக்கும் நிஜாம் கொடை அளித்திருக்கிறார். காசி இந்துப் பல்கலைக்கழகமும், மகாபாரதப் பதிப்பு வேலைக்காகப் புனே பண்டார்க்கர் ஆய்வு நிறுவனமும் அவரிடம் நிதி பெற்றவை.

மறுபக்கமும் உண்டு. நாட்டுப்புறங்களில் ஜாகீர்தார்களின் ஆட்சியும் வெட்டி வேலைக் கொடுமையும் நீடித்தன. 1946இல் தெலங்கானா விவசாயிகள் ஆயுதம் ஏந்தினர். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது நிஜாம் இந்தியாவுடன் சேர மறுத்துத் தனித்து நிற்க விரும்பினார். ரஜாக்கர்களின் வன்முறையால் மக்கள் அல்லல்பட்டனர். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை புகுந்தது. 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார். பின்னர் 1950 முதல் 1956 வரை ஐதராபாத் மாநிலத்தின் ராஜபிரமுகராக இருந்தார்.

சிக்கன மன்னர்

1937 பிப்ரவரியில் அமெரிக்காவின் டைம் வார ஏடு இவர் படத்தை அட்டையில் போட்டு உலகிலேயே பெரும் பணக்காரர் என்று எழுதியது. அப்படிப்பட்டவர் அணிந்தது பழைய ஷெர்வானி, நிறம் மங்கிய குல்லாய். தந்தையின் காலணிக்குள் கிடைத்த ஜேக்கப் வைரத்தைக் காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாகப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். 184 காரட்டுக்கு மேற்பட்ட அந்த வைரத்தை மற்ற நகைகளோடு சேர்த்து 1995இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

இந்நகரில் நிஜாமைப் பற்றி உலவும் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கதை வேறு, கணக்கு வேறு. 1965இல் பாகிஸ்தானுடன் போர் நடந்த சமயம் நிஜாம் ஐந்தாயிரம் கிலோ தங்கத்தை நாட்டுக்குத் தானமாகக் கொடுத்தார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் அவர் கொடுத்தது 425 கிலோ. அதுவும் தானமல்ல, தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத்தில் ஆறரை சதவீத வட்டிக்குச் செய்த முதலீடு. நெருக்கடியான நேரத்தில் செய்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் 425 என்பது வாய்வழியே 5,000 ஆகவும், முதலீடு தானமாகவும் மாறிவிட்டது.

நிஜாமின் சிகரெட் கதையும் இப்படிப்பட்டதுதான். அதில் சொல்லப்படும் செய்தி உண்மை. அதிலிருந்து செய்யப்படும் முடிவு தவறு.

நகரத்தின் பெயர் தாங்கிய சிகரெட்

வசீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி 1930இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. ஆர்.டி.சி. கிராஸ் ரோட்டை அடுத்த ஆசாமாபாத்தில் அதன் தொழிற்சாலை உண்டு. அங்கிருந்து வந்த சிகரெட்டுக்கு நகரின் பெருமைக்குரிய சின்னமான சார்மினாரின் பெயரையே வைத்தார்கள். வடிகட்டி இல்லாத, காரமான, விலை மலிவான சிகரெட் அது. சாதாரண மக்களின் சிகரெட் என்று பெயர் எடுத்தது. இந்நகர எல்லை தாண்டியும் பரவியது. வங்காளத்தில் சத்யஜித் ராய் எழுதிய துப்பறியும் கதைகளின் நாயகன் ஃபெலுடா குடிப்பதும் சார்மினார்தான்.

விலையுயர்ந்த அயல்நாட்டுச் சுருட்டுகளை வரவழைத்துக்கொள்ளக்கூடிய நிஜாம் இந்த மலிவான சிகரெட்டையே குடித்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். விருந்தினர்கள் போட்டுவிட்டுப் போன துண்டுகளையும் விடமாட்டார் என்றுகூடச் சொல்வதுண்டு. அது சிக்கனத்தைப் பற்றிய கேலிக் கதையாக இருக்கலாம்.

மக்கள் மனத்தில் இது எப்படிப் பதிந்தது என்பதே முக்கியம். மன்னரும் கூலியாளும் ஒரே சிகரெட்டைக் குடிக்கிறார்கள் என்பதில் ஏழைக்கு ஒரு மகிழ்ச்சி. பெட்டிமேல் நகரின் சின்னம், அதைக் குடிப்பவர் நகரின் மன்னர். இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்க முடியாது. பிறகு மன்னர் எண்பது வயதைத் தாண்டியதும், அதுவே ஆபத்தில்லை என்பதற்கான சான்றிதழாகவும் ஆகிவிட்டது.

இன்னொரு மன்னர்

எங்கள் மூத்த எழுத்தர் கற்றுக்கொடுத்தபடி அடுத்த பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்போம். நிஜாம் காலத்தில் வாழ்ந்த இன்னொரு மன்னர் ஆறாம் ஜார்ஜ். பழைய காசுகளில் நாம் பார்த்திருக்கும் அந்த முகம்தான்; இந்தியாவின் கடைசிச் சக்கரவர்த்தி. நிஜாமைவிட ஒன்பது வயது இளையவர். 1947 நவம்பரில் அவர் மகள் எலிசபெத்துக்குத் திருமணம் நடந்தபோது, மணப்பெண் விரும்பியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இலண்டனிலுள்ள நகை வணிகரிடம் நிஜாம் சொல்லி வைத்தார். அப்படி அளிக்கப்பட்ட வைர மாலை பிற்காலத்தில் எலிசபெத் ராணியின் கழுத்தில் பலமுறை காணப்பட்டது.

ஆறாம் ஜார்ஜும் ஓயாமல் சிகரெட் குடிப்பவர். 1951 செப்டம்பர் 23ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையிலேயே அறுவை சிகிச்சை செய்து அவருடைய இடது நுரையீரலை எடுத்தார்கள். அது நுரையீரல் புற்றுநோய். ஆனால் அரண்மனை வெளியிட்ட அறிக்கையில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. நுரையீரலின் அமைப்பில் மாறுதல்கள் ஏற்பட்டிருப்பதாக மட்டும் சொல்லப்பட்டது. மன்னருக்கும் உண்மை சொல்லப்படவில்லை. 1952 பிப்ரவரி 6ஆம் நாள் அவர் தூக்கத்திலேயே காலமானார். இருதய இரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வயது 56.

அந்தக் குடும்பத்தின் பதிவேட்டை முழுவதும் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாட்டனார் ஏழாம் எட்வர்டு பெரும் சுருட்டுப் பிரியர். மூச்சுக்குழாய் நோயால் அவதிப்பட்டு 1910இல் இறந்தார். தந்தை ஐந்தாம் ஜார்ஜும் சிகரெட் குடித்தவர்; நெடுநாள் மார்புநோய்க்குப் பின் 1936இல் இறந்தார். முடி துறந்த அண்ணன் எட்டாம் எட்வர்டு 1972இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். தேநீர்க் கடையில் நிஜாமைச் சொல்பவர்கள் இந்த நான்கு மன்னர்களைச் சொல்வதில்லை.

இலண்டனில் போட்ட கணக்கு

ஒருவர் எண்பது வரை வாழ்ந்தார், மற்றவர் ஐம்பத்தாறில் போய்விட்டார். எதை நம்புவது? ஒருவரை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதுதான் சரியான விடை. நிஜாம் ராஜபிரமுகராகப் பதவியேற்ற அதே 1950இல், இலண்டனில் இரண்டு அறிஞர்கள் அந்த விடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ரிச்சர்டு டால் என்ற மருத்துவர். மற்றவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். இவர் மருத்துவரல்லர், புள்ளியியல் அறிஞர். பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் வேகமாகப் பெருகி வந்தது. மோட்டார் வண்டிப் புகையோ, தார்ச்சாலையோ காரணமாக இருக்கலாம் என்றுதான் டால் முதலில் நினைத்தார். இருபது மருத்துவமனைகளில் இந்நோய் கண்டவர்களையும், அதே வயதுடைய வேறு நோயாளிகளையும் விசாரித்துப் பட்டியலிட்டார்கள். புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேர். அவர்களில் புகைப் பழக்கமே இல்லாதவர்கள் 2 பேர் மட்டுமே. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற 649 பேரில் பழக்கம் இல்லாதவர்கள் 27 பேர். நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடியது. பட்டியல் முடிவதற்குள்ளேயே டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார்.

பின்னர் 1951இல் பிரிட்டன் மருத்துவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். பதில் தந்த ஆண்கள் 34 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்று ஐம்பது ஆண்டுகள் பதிவேடு வைத்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, இடைவிடாமல் சிகரெட் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள்.

எண்பது வயதின் பொருள்

தேநீர்க் கடைக் கேள்விக்கு நேரான பதில் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த மருத்துவர்களில் 1920களில் பிறந்தவர்களை எடுத்துக்கொள்வோம். 35 வயதிலிருந்து 70 வயது நிறைவதற்குள், சிகரெட் குடித்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் இறந்தார்கள். குடிக்காதவர்களில் நூற்றுக்கு 15 பேரே இறந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடித்தவர்களில் 43 பேர் போனாலும் 57 பேர் எழுபதைத் தாண்டவே செய்கிறார்கள். ஆகவே சிகரெட் குடித்தும் நீண்டநாள் வாழ்ந்த ஒரு மன்னரோ, ஒரு தாத்தாவோ எல்லா ஊரிலும் இருப்பார். கடைப் பலகையில் உட்கார்ந்து தன் வயதைப் பெருமையாகச் சொல்லவும் அவர் இருப்பார். இறந்துபோன 43 பேர் கடைக்கு வந்து தங்கள் கதையைச் சொல்ல முடியாது. நிஜாம் அந்த 57 பேரின் பக்கத்தில் நின்றவர். நாம் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டித் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நிஜாம் காலத்தில் யாரும் அவரை எச்சரிக்கவில்லை. இலண்டன் ஆராய்ச்சி வெளிவந்தபோது அவருக்கு வயது 64. பிரிட்டன் அரசு இந்த உண்மையை ஒப்புக்கொண்டு அறிவித்தது 1954இல். அதை அறிவித்த சுகாதார அமைச்சர் செய்தியாளர் முன்னிலையில் சிகரெட் குடித்துக்கொண்டே அறிவித்தார். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் தம் அறிக்கையை 1964 ஜனவரியில் வெளியிட்டார். நம் நாட்டில் சட்டம் வந்ததோ 1975இல். சிகரெட் பெட்டிமேல் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது 1976 ஏப்ரலில்.

நிஜாம் 1967 பிப்ரவரி 24ஆம் நாள் கிங் கோட்டி மாளிகையில் காலமானார். எதிரேயுள்ள ஜூதி மசூதியில் அடக்கம் செய்யப்பட்டார். பெருந்திரளான மக்கள் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். நம் நாட்டுச் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சானது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்புதான். அறியாமல் குடித்தவரை, அறிந்து குடிக்கும் நாம் சாட்சிக்கு இழுப்பது எப்படி நியாயமாகும்?

எச்சரிக்கை வந்த வழி

அந்த முதல் எச்சரிக்கையும் பெரும்பாலோரைச் சென்றடையவில்லை. எழுத்து சிறியது, பெரும்பாலும் ஆங்கிலம். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கு அது பெட்டிமேல் போட்ட ஒரு கோடு, அவ்வளவுதான். மேலும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே; பீடிக்கு இல்லை. நிஜாமின் பெயர் தாங்கிய நிஜாமாபாத் மாவட்டத்திலும் சுற்று வட்டாரங்களிலும் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்று நம்பிக் குடித்தவர்கள் எத்தனையோ பேர். அது உண்மையல்ல. பீடியும் நுரையீரல் புற்றுநோயைத் தருவதுதான். வடிகட்டி வைத்த சிகரெட்டும் அப்படியே.

2003இல் புதிய சட்டம் வந்தது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாம் அதில் அடங்கின. 2008 அக்டோபர் 2ஆம் நாள் முதல் பொது இடங்களில் புகை பிடிப்பதற்கான தடை கடுமையாக்கப்பட்டது. 2009 மே 31 முதல் பெட்டிகளில் படத்துடன் எச்சரிக்கை வந்தது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தை அந்தப் படமும் வாசகமும் பிடித்துக்கொண்டன. படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். ஆனால் ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவர் பெட்டியையே பார்ப்பதில்லை. எச்சரிக்கை கடைக்காரரின் மேசையில் இருக்கிறது. சிகரெட் மட்டும் வாங்குபவர் கைக்கு வருகிறது. சுண்ணாம்புக் கறையும் தொங்கும் கயிற்று நெருப்பும்தான் அவர் காண்பது.

2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் ஏதாவதொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரிந்தது. புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்குப் பதின்மூன்று இலட்சம் பேருக்கு மேல் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது.

மூத்த எழுத்தரின் பதிவேடு

எங்கள் மூத்த எழுத்தருக்கு முதலில் வந்தது சாதாரண இருமல்தான். ஐதராபாத் தூசி என்றார். பிறகு குரல் கம்மியது. எடை குறைந்தது. சளியில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவரிடம் போனார். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. லக்டிகாபூல் பக்கம் ரெட் ஹில்ஸில், நிஜாம் அரசில் பணியாற்றிய மெஹ்தி நவாஸ் ஜங் பெயரால் 1955 முதல் நடந்துவரும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே அவருக்குத் துணையாக நானும் சில நாட்கள் போயிருக்கிறேன். வராந்தாவில் காத்திருந்தவர்களில் தெலுங்கு பேசுவோர், உருது பேசுவோர், மராத்தி பேசுவோர், நம் தமிழர் எல்லோரும் உண்டு. நோய்க்கு மொழி வேற்றுமை இல்லை.

வீட்டார் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி வைத்தார்கள். இலண்டன் அரண்மனையில் நடந்ததே இங்கும் நடந்தது. ஆனால் அவர் கணக்கு எழுதிப் பழகியவர். என்னைத் தனியே அழைத்து, இரண்டு பதிவேடும் ஒத்துவரவில்லையே தம்பி, எது தவறு என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே போய்விட்டார். அவர் கடைசிவரை நிஜாம் கதையை மறுபடி சொல்லவில்லை.

உயிரோடு இருக்கும்போது எதிர்க் கணக்கை அவர்முன் வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. மூத்தவருக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதும் நேரமிருக்கிறது

அந்த ஐம்பதாண்டுக் கணக்கில் நல்ல செய்தியும் இருக்கிறது. 60 வயதில் சிகரெட்டை விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகள். 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகள். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ இழந்த பத்தாண்டு முழுவதுமே மீண்டது. இவ்வளவு நாள் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்பவர்களுக்கு இதுவே பதில். விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். இப்போது பெட்டிகளிலேயே அந்த எண் அச்சாகிறது. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும், சளியில் இரத்தத்தையும் ஊரின் தூசிமேல் பழிபோட்டுத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நிஜாமைப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையில் வேறு நல்ல செய்தி உண்டு. மூசி ஒருமுறை பெருகி நகரை அழித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வெள்ளம் வரவில்லையே என்று ஐதராபாத் அரசு சும்மா இருக்கவில்லை. கணக்குத் தெரிந்தவரை அழைத்து, அவர் சொன்னபடி இரண்டு அணைகளைக் கட்டியது. வெள்ளத்தில் தப்பிப் பிழைத்தவர்களைக் காட்டி, மூசியால் ஆபத்தில்லை என்று அன்றைக்கு யாரும் வாதாடவில்லை.

நாளைக் காலை மல்லாபூர் தேநீர்க் கடையில் யாராவது நிஜாம் எண்பது வயது வாழ்ந்தார் என்று சொன்னால், அவருக்கு ஒரு உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மற்றப் பதிவேட்டையும் படித்துக் காட்டுங்கள்.